கொலஸ்ட்ரால் குறைந்தால் மனசும் தளருமா?

வணக்கம் நேயர்களே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் டவுனில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் யாராவது கேட்பார்கள்: "ஐயா, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டா தற்கொலை எண்ணம் வருமாமே?"

இது வாட்ஸ்அப்பில் பிறந்த கதை இல்லை. 1990-இல் மல்டூன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் பழைய ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைத்தவர்களிடம் மாரடைப்புச் சாவு குறைந்தது, ஆனால் தற்கொலை, விபத்து, வன்முறை என்று ஒரே கணக்கில் சேர்த்த சாவுகள் கூடியிருந்தன. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனம் குறைவதுதான் காரணமோ என்றும் ஒரு கருத்து வந்தது. 2001-இல் அதே மல்டூன் இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்போது நாம் சாப்பிடுகிற ஸ்டேட்டின் மாத்திரைகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. இது மட்டும் ஏனோ யாருக்கும் ஃபார்வர்ட் ஆவதில்லை!

சரி, மனம் சோர்ந்தவர்கள் சிலருக்கு ஏன் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், பால்மரம் வெட்டியவர், மனைவி இறந்து சில மாதம் இருக்கும். கிளினிக் கார்டில் மொத்த கொலஸ்ட்ரால் 3.4 mmol/L. 5.2-க்குக் கீழே இருந்தாலே நல்லது என்பார்கள், நர்ஸும் பாராட்டி அனுப்பிவிட்டார். மாத்திரையே சாப்பிடாத மனுஷன் அவர். நான் அவருடைய பெல்ட்டைப் பார்த்தேன், ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை. மருமகளைக் கேட்டால், "ரொட்டி சானாய் வாங்கி வெச்சாலும் மாமா தொடுறதில்லை, கோப்பி ஓ மட்டும்தான்" என்கிறார். சாப்பிடாத உடம்பில் கொலஸ்ட்ரால் இறங்கத்தானே செய்யும்? சோகம் முதலில் வந்தது, நம்பர் பிறகு இறங்கியது.

நேராகவே கேட்டேன், "அண்ணே, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறோம், வராது. கொஞ்ச நேரம் கழித்து, "தோணுது தம்பி" என்றார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனோம். மனச்சோர்வுக்கு மருந்து, பேச ஆள், அப்புறம் மெல்லச் சோறு இறங்கியது. அடுத்த தடவை கொலஸ்ட்ரால் 5.6. நர்ஸ் திட்டினார், எனக்கோ ஒரே சந்தோஷம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரிப்பதைப் பற்றியும் பேச வந்தேன், போகட்டும். மாத்திரையில் சந்தேகம் இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நம் மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் போலீசுக்குப் பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். மனம்விட்டுப் பேச உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. நன்றி, வணக்கம்.