ஏழு வீட்டுக் கத்திரிப் பாத்தி

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலுள்ள ஒரு காலி மனையில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து இயற்கை முறையில் காய்கறி பயிரிட்டு வருகிறோம். உரிமையாளர் வீடு கட்டத் தொடங்கும் நாளில் இடத்தை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு.

தொடக்கத்தில் அங்கே மண் என்று சொல்ல எதுவும் இல்லை. செங்கல் துண்டுகளையும் சிமெண்ட் கட்டிகளையும் அகற்றிய பிறகு, மக்கிய எரு என்று சொன்னவரை நம்பி ஒரு வண்டிச் சாணம் வாங்கிப் பரப்பினோம். அது மக்கவில்லை, அதன் சூட்டில் நாற்றுகள் கருகின. கிளறியபோது காண்டாமிருக வண்டின் புழுக்கள் கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடந்தன. பிறகு சமையலறைக் கழிவையும் சருகையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் காத்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரும்வரை மக்கவைத்த பிறகே பாத்தியில் இடுகிறோம்.

அந்த மண்ணில் முதலில் நட்டது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மாவட்டத்து முள் கத்திரி. இலவம்பாடிப் பக்கத்து விதை. காம்பிலும் இலையிலும் முள் இருப்பதால் பூச்சி அண்டாது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்னும் பூச்சிக்கு முள் ஒரு பொருட்டே அன்று. முட்டையிலிருந்து வெளிவரும் புழு இளங்குருத்தைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். பிறகு பத்து லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த கரைசலைத் தெளித்தாலும், உள்ளே இருப்பதன் மேல் அது படாது. காலையில் மற்ற குருத்துகள் நிமிர்ந்து நிற்க ஒன்று மட்டும் வாடித் தொங்கினால், வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி, சோப்பு நீரில் போட்டு அழிக்க வேண்டும். நான்கு நாள் பாராமல் விட்டால் காய்களிலும் ஓட்டை விழுந்துவிடும்.

இங்கேதான் கூட்டுத் தோட்டத்தின் பலம் தெரிகிறது. தனி ஒருவர் ஊருக்குப் போனால் செடியைப் பார்க்க ஆளில்லை. எங்களுக்கோ வீட்டுக்கு ஒரு கிழமை. வியாழக்கிழமை வீட்டுப் பாட்டியம்மா மூக்குக் கண்ணாடி இல்லாமலே வாடிய குருத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்கினி நட்சத்திர நாட்களில் கரும்பின் காய்ந்த இலையான சோகையை மண்மேல் மூடாக்காகப் பரப்பி, மாலையில் மட்டும் நீர் விடுகிறோம். மனைக்காரர் வந்து கேட்டால் செடிகளை விட்டுவிடலாம். அந்த மண்ணை மட்டும் சாக்குகளில் அள்ளி எங்கள் மாடிகளுக்குக் கொண்டுபோவதாக ஏழு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.