வாசித்தவன் தலையில் போடாதீர்கள்

நடுவர் அவர்களே, எங்கள் சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் ஊரவர்களே, வணக்கம். 'சித்திரக்கதை நாயகர்களின் மவுசு குறைந்ததற்குக் காரணம் வாசித்தவர்களா, விற்றவர்களா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய தம்பி, பெடியள் கையில் போன் வந்தது, மாயாவி போனார் என்று வழக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார். தம்பி, நானும் அந்த வாசித்த கூட்டத்தில் ஒருவன்தான். என் பக்கத்தையும் கேளுங்கள்.

90களில் எங்கள் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, துளி மண்ணெண்ணெயில் எரியும் விளக்கு. புதுப் புத்தகம் வர வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்தது ஒரேயொரு இரும்புக்கை மாயாவி சித்திரக்கதைப் புத்தகம். அதற்கும் அட்டை இல்லை, கடைசி நாலு பக்கமும் இல்லை. நல்லூர்த் திருவிழாவில் எந்தக் கச்சான் கடலை சுற்றும் காகிதச் சரையாகப் போனதோ! அதைத்தான் வீட்டுக்கு வீடு முறை வைத்து வாசித்தோம். முடிவு தெரியாததால் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். என் அண்ணை சொன்ன முடிவில் மாயாவி கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்கே போய்விடுவார்.

உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார், இரும்புக்கை மட்டும் தெரியும். கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் மனுசன் எப்படி மறைவது? இரண்டு நாள் சண்டை. கடைசியில், சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தானே ரேடியோ கேட்கிறோம், அதிலேயே அவருக்கும் ஒரு வயர் கொடுக்கலாம் என்று சமாதானமானோம். நடுவர் அவர்களே, நாயகனுக்காகப் பெடல் மிதிக்கத் தயாராக நின்ற நாங்களா அவரைக் கைவிட்டவர்கள்?

மாயாவி பிறந்தது 1962இல், இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில். அவரைத் தமிழ் பேச வைத்தது 1972இல் தொடங்கிய சிவகாசியின் முத்து காமிக்ஸ். இனி அமெரிக்க நாயகர்களின் கதையைக் கேளுங்கள். 1938இல் சூப்பர்மேன் வந்தபோது புத்தகம் பத்து சென்ட். பத்திரிகைக் கடையில் தொங்கியது, சின்னப் பிள்ளையின் கைக்காசுக்கே கிடைத்தது. 80களில் வியாபாரம் தனிக் காமிக்ஸ் கடைகளுக்குள் போனது. பத்திரிகைக் கடைக்காரர் விற்காததைத் திருப்பி அனுப்புவார், காமிக்ஸ் கடைக்காரர் அனுப்ப முடியாது. பதிப்பகத்துக்கு நட்டமில்லை. ஆனால் வழியில் போகும் பிள்ளையின் கண்ணில் புத்தகம் படாமல் போயிற்று. இன்று ஒரு மெல்லிய இதழே நாலைந்து டாலர்.

அப்புறம் 1992. சூப்பர்மேனைக் கொன்றார்கள். அந்த இதழைக் கறுப்புப் பையில் போட்டு விற்றார்கள். நாளைக்குப் பவுண் விலை போகும் என்று ஒரே ஆள் நாலைந்து பிரதி வாங்கி அடுக்கினார். அந்தியேட்டி முடிந்து ஆட்டைத்திவசம் வருமுன்னே ஆள் எழும்பி வந்துவிட்டார்! எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமானை யார் பவுண் விலைக்கு வாங்குவான்? அந்தச் சந்தை சரிந்தது. 1996இல் ஸ்பைடர்மேனின் பதிப்பகமான மார்வெல் நிறுவனமே திவாலென்று நீதிமன்றத்துக்குப் போனது.

எதிரணி ஒன்று கேட்கலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வாசகர்கள் பேய்க்கதை, காதல்கதைப் பக்கம் போகவில்லையா? போனார்கள். மறைக்க நான் மாயாவி இல்லை. ஆனால் 1962இல் என்ன நடந்தது? மூடப்போகிற ஒரு இதழின் கடைசி வெளியீட்டில் ஸ்பைடர்மேனை ஒரு கதையாகப் போட்டார்கள். வாசகர்கள் அள்ளி வாங்கினார்கள். அடுத்த வருடமே அவருக்குத் தனி இதழ் வந்தது. அந்த ஆளைத் தூக்கி நிறுத்தியது யார்?

சினிமாவிலும் இதே கணக்குத்தான். ஸ்பைடர்மேனின் பட உரிமையை முன்னமே விற்றுவிட்டதால், மிச்சம் இருந்தவர்களில் அயர்ன்மேனை வைத்து 2008இல் மார்வெல் படம் எடுத்தது. சனம் அவரையும் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறகு படத்துக்கு மேல் படம், தொடருக்கு மேல் தொடர். எண்ணிக்கை கூடியதால் கவனம் சிதறியது என்று மார்வெலை வாங்கிய டிஸ்னியின் தலைவரே 2023இல் ஒத்துக்கொண்டார். விற்றவர் வாயாலேயே வந்துவிட்டது, சரிதானே?

தம்பி, உங்கள் மகளின் பள்ளிக்கூடப் பையில் ஸ்பைடர்மேன் இருக்கிறார், வாசலில் பார்த்தேன். கதை தெரியுமா பிள்ளை என்றேன், தெரியாது என்றாள். பை வாங்கப் போன கடையில் புத்தகமும் இருந்திருந்தால் அவள் வாசித்திருக்க மாட்டாளா?

மணி அடித்துவிட்டது. அந்த மாயாவியின் கடைசி நாலு பக்கம் யார் வீட்டிலாவது கிடந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை ஒருக்கால் வந்து காணுங்கள்.