பூனைக்குக் கிடைத்த சுதந்திரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மேசில்ஸ் சகோதரர்கள் எடுத்து 1975இல் வந்த அமெரிக்க ஆவணப்படம் ‘கிரே கார்டன்ஸ்’. பாழடைந்த மாளிகையில் வாழ்ந்த ஒரு தாயையும் மகளையும் அது கௌரவப்படுத்தியதா, காட்சிப்பொருள் ஆக்கியதா? நான் கௌரவக் கட்சி.

எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்: “மேசில்ஸ் சகோதரர்கள் இரண்டு பைத்தியங்களைப் படம் பிடித்துப் பேர் வாங்கிவிட்டார்கள்.” நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

யார் ஐயா பைத்தியம்? நியூயார்க் மாநிலம், ஈஸ்ட் ஹாம்ப்டன். படத்தில் 28 அறை மாளிகை, பாழடைந்து கிடக்கிறது. தாயும் மகளும் புழங்குவது பெரும்பாலும் ஒரே படுக்கையறையில். அங்கே சுவரோரம் ஒரு பெரிய ஓவியம். தாய் பெரிய ஈடியின் இளவயதுப் படம். அதன் பின்னால் ஒரு பூனை போய் உட்கார்கிறது. எதற்கு? சபையில் சொல்லக்கூடாது. மகள் சின்ன ஈடி முகம் சுளிக்கிறார். எண்பதை நெருங்கும் தாய் அசரவில்லை. யாரோ ஒருத்தராவது தன் இஷ்டப்படி செய்கிறாரே, சந்தோஷம் என்கிறார்.

நடுவர் ஐயா, சிரித்துவிட்டீர்கள். இருங்கள், மறுபடி சொல்கிறேன். நாறுவது யார் படம்? அவர் படம்! அதற்குப் பின்னால் பூனை சாவகாசமாகக் காரியத்தை முடிக்கிறது, இந்த அம்மா பூனைக்கு வாழ்த்துரை வாசிக்கிறார்! பாட ஆசைப்பட்ட தாய், மேடையேற ஆசைப்பட்ட மகள், 28 அறை. அத்தனையிலும் நினைத்ததை முடித்தது பூனை மட்டும்தான். இதைக் கண்டுபிடித்தவர் பைத்தியம் என்றால், எங்கள் வீட்டில் நான் எப்போதோ முற்றிய கேஸ்.

1971இல் சுகாதாரத் துறையினர் நுழைந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டினார்கள். ஊரெல்லாம் செய்தி. பெரிய ஈடியின் அண்ணன் மகள் ஜாக்குலின், ஆமாம், அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்தவரேதான், பணம் கொடுத்து வீட்டைச் சீர் செய்தார். சரி, வீடு பிழைத்தது. உள்ளே இருந்தவர்கள் பேசியதை யார் கேட்டது? அப்புறம் வந்த அந்த கேமராதான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1952இல் வந்தவர் சின்ன ஈடி. போய்விடுவேன், போய்விடுவேன் என்று படம் முழுக்கப் புலம்புகிறார். கட்டிலருகே சோளம் வேகவைத்துக்கொண்டே அம்மா சண்டை பிடிக்கிறார். 1977இல் அம்மா கண்மூடும்வரை மகள் போகவில்லை ஐயா, போகவில்லை! நம் வீட்டில் அம்மா பேச ஆரம்பித்தால் நாம் எங்கே இருக்கிறோம்? போனில்.

கடைசி நேரத்தில், ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று மகள் கேட்டாராம். சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது என்றாராம். அவருக்கே இல்லாத வருத்தம் எதிரணி நண்பருக்கு எதற்கு?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன். நன்றி.