எப்போது கால் தடுமாறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுநீரகம் பழுதான பெரியவர் வீட்டில் விழுந்துவிட்டால், "வயசாச்சு, மயக்கமாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். எப்போது தடுமாறினார் என்று கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஆடுகிறதா? பாத நரம்பு மரத்திருக்கலாம். நாம் நேராக நிற்கக் கண்ணும் உள்காதும் பாதத்தின் உணர்வும் சேர்ந்து வேலை செய்கின்றன. ரத்தத்தில் தேங்கும் கழிவும் சர்க்கரை நோயும் பாத நரம்பைக் கெடுத்தபின், கண்ணைத்தான் பெரிதும் நம்பி நிற்கிறார்கள். கண்ணை மூடினால் அதுவும் போய்விடுகிறது. கரண்ட் போன ராத்திரியிலும் இதே கதைதான். கிணற்றடியானாலும் குளியலறையானாலும் உட்கார்ந்தே முகம் கழுவட்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை சிறு விளக்கு எரியட்டும். மரத்த காலிலிருந்து ஹவாய் செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். இங்கே ஜூன் மழைக்கு முற்றமெல்லாம் பாசி; வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

டயாலிசிஸ் முடிந்து எழும்போது தலை சுற்றினால் விஷயம் வேறு. 4 மணி நேரத்தில் 2, 3 லிட்டர் நீர்கூட எடுத்திருப்பார்கள். சட்டென எழுந்தால் பிரஷர் இறங்கும். கட்டில் ஓரத்தில் 5 நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை 20 தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, அதன்பின் நடக்கட்டும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். படுத்தபோது இருந்ததைவிட, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிகப்படி நீர் போனபின் இருக்கவேண்டிய எடையான டிரை வெயிட்டையோ மாத்திரை நேரத்தையோ அவர் மாற்றுவார். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கால் எரிச்சலுக்குத் தரும் காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. அளவு குறைக்காவிட்டால் உடம்பில் தங்கி, தூக்கமும் தள்ளாட்டமும் வரும்.

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாளில், துணைக்கு ஒருவர் நிற்க, அதையே பயிற்சியாகச் செய்யலாம். ஆனால் கால் திடீரென்று துவண்டால், முக்கியமாக இளநீரோ ஏத்தம்பழமோ (நேந்திரம்பழம்) சாப்பிட்டிருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விழுந்தவருக்கு இடுப்பு வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள். சிறுநீரக நோயில் எலும்பு எளிதில் முறியும். எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. தலை அடிபட்டிருந்தால், காயமே தெரியாவிட்டாலும், கூட்டிப் போங்கள். அன்று டயாலிசிஸில், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெபாரின் மருந்தைக் கொடுத்தார்களா என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.