உத்தமபுத்திரன் இரண்டு முறை

நேயர்களுக்கு வணக்கம்.

‘யாரடி நீ மோகினி’ பாட்டை வானொலியில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! 1958-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த ‘உத்தமபுத்திரன்’ படப் பாட்டு. அதே கதை 1940-லேயே அதே பெயரில் வந்துவிட்டது என்று சொன்னால் இளையவர்கள் நம்ப மறுக்கிறார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்தது. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்.

ஒரே ஆள் திரையில் இரண்டு பேராக நிற்பதே அன்றைக்குப் பெரிய அதிசயம். லென்ஸில் பாதியை மறைத்துப் படம்பிடித்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை எடுப்பார்கள். 1958-க்குள் அந்த அதிசயம் பழகிப்போய்விட்டது. அதனால் சிவாஜி வேறொன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் ஏற்ற இரண்டு வேடங்களான பார்த்திபனும் விக்கிரமனும் ஒரே முகம். ஆனால் அந்தப் பாட்டில் விக்கிரமன் நடந்து வரும் மிடுக்கு ஒன்று போதும், யாரென்று சொல்லிவிடலாம். பழைய கதையைத் தொடுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: உங்கள் கையில் புதிதாக என்ன இருக்கிறது?

‘தில்லு முல்லு’வும் அப்படித்தான். 1979-இல் வந்த இந்தி ‘கோல்மால்’ கதையைக் கே.பாலசந்தர் 1981-இல் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அடிதடி நாயகனாக அறியப்பட்ட ரஜினிகாந்தின் மீசையை எடுக்க வைத்துச் சிரிக்க வைத்தார். அந்தத் துணிச்சல் அவருடையது. 2013-இல் அதே பெயரில் மறுபடி ஒரு படம் வந்தது. பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தைத்தான் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லையா? பழையதையே துலக்கிக் கொடுங்கள். 1964-இல் பி.ஆர்.பந்துலு எடுத்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தது. நூறு நாள் தாண்டி ஓடியது! பேரப்பிள்ளைகளோடு வந்தவர்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளியானது. இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது. புதுப்பிக்க நினைத்தாலும் கையில் எதுவும் இல்லை.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய படத்தை மறுபடி எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், செலவில் ஒரு பங்கை மூலப் படத்தின் நெகட்டிவைக் காப்பாற்ற ஒதுக்குங்கள். புதியது வெளியாகும் அதே வாரம் பழையதையும் ஒரு காட்சியாவது ஓட்டுங்கள். முதல் வரிசையில் நான் இருப்பேன்.

நன்றி, வணக்கம்.