கூரைக்கு முன்னால் வாய்க்கால்

(குன்னூரில் கட்டிடக்கலை மாணவர்களின் வடிவமைப்புக் கண்காட்சியை ஒட்டி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

காலையிலிருந்து உங்கள் வரைபட ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உழைப்பு தெரிகிறது. மாடல்கள் கச்சிதமாக இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் பனிமூட்டம் இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, கண்ணாடிச் சுவர் ஓரமாகக் காபிக் கோப்பையோடு ஒருவர் நிற்கிறார். மழை பெய்கிற படத்தைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை.

நீலகிரியில் ஒரு சைட்டை எடுத்துக்கொண்டு மழையை விட்டுவிட்டால் என்ன மிச்சம்? 2009 நவம்பர் 10-ஆம் தேதி இங்கே பக்கத்துக் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 140 செ.மீ.தான். அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.யைத் தாண்டியது.

உங்கள் கட்டிடத்தின் கூரை 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். 82 செ.மீ. மழையில் அந்தக் கூரை மட்டும் 82,000 லிட்டர் தண்ணீரைக் கீழே விடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட ஏழு லோடு. அந்த ஏழு லோடும் எந்த வழியாக, எந்த மண்மேல், யார் வீட்டுத் தலைக்கு மேலே போகிறது? இதற்குப் பதில் சொல்கிற, மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு செக்‌ஷன் டிராயிங் இருந்தால் அந்த ப்ராஜெக்ட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன். செக்‌ஷனில் தரைக்கோட்டுக்குக் கீழே நீங்கள் எல்லோரும் கறுப்புக் கோடுகளால் நிரப்பி ஹேட்ச் அடித்துவிட்டு விட்டுவிடுகிறீர்கள். இந்த மலையில் கதை நடப்பதே அந்தக் கறுப்புப் பகுதிக்குள்தான்.

மேலே செம்மண், அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போன பாறை, நடுவில் களிமண். மேலிருந்து இறங்கும் தண்ணீர் களிமண்ணைத் தொட்டதும் அது நனைந்த சோப்பு மாதிரி வழுக்கும். மேலே நிற்பது வீடா தேயிலையா என்றெல்லாம் அது பார்க்காது. அதனால்தான் சரிவை வெட்டுவதில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி சரிவில் 6 மீட்டர் அகலத்துக்கு ஒரே சமதளம் வேண்டுமென்று மலையை முழுக்க வெட்டினால், பின்னால் சுமார் 3.5 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர் நிற்கும். அதே வீட்டை 3 மீட்டர், 3 மீட்டராக இரண்டு தளமாக உடைத்து, நடுவில் ஐந்தாறு அடி இறங்குவதற்குப் படி வைத்தால், ஒவ்வொரு வெட்டும் சுமார் 1.7 மீட்டர்தான். வெட்டி எடுக்கும் மண்ணும் பாதியாகிவிடும். தூண்மேல் நிறுத்தினால் இன்னும் குறையும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்கவில்லையென்றால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. அந்தச் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் அதன் முதுகில் தேங்கும் தண்ணீர்.

நீலகிரியில் கட்டிட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. உங்களில் சிலர் மிகுந்த சாமர்த்தியத்தோடு மேலே 7 மீட்டரைக் காட்டிவிட்டுக் கீழே இரண்டு தளம் தோண்டியிருக்கிறீர்கள். விதியை மதித்துவிட்டீர்கள், மலையை மதிக்கவில்லை.

அடுத்து, தோடர் பண்பாட்டு மையம். இந்தக் கண்காட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராஜெக்ட்டுகளில் அது இருக்கிறது. தோடர் குடிசையின் அரைவட்ட வளைவைக் கான்கிரீட்டில் எடுத்து, ஒன்றை டிக்கெட் கவுண்டராகவும் ஒன்றை ஆடிட்டோரியமாகவும் வைத்திருக்கிறீர்கள். வளைவு அழகான வளைவுதான். ஆனால் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கும் அந்தக் குடிசை எதனால் ஆனது என்று பாருங்கள். வளைத்த மூங்கில், கட்டுவதற்குப் பிரம்பு, மேலே வேய சதுப்புநிலத்தில் வளரும் புல். உள்ளே தவழ்ந்துதான் போக முடியும், வாசல் அவ்வளவு சிறியது. குளிரும் காற்றும் நுழையாது. புல் மட்கும், மறுபடியும் வேய வேண்டும். மறுபடியும் வேய வேண்டுமென்றால் சதுப்பு உயிரோடு இருக்க வேண்டும். அந்தச் சதுப்புகளில் எத்தனையோ இன்று காய்கறித் தோட்டமாகவும் கட்டிடமாகவும் மாறிவிட்டன. ஊட்டி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஏற்படுத்தியது. ஒரு காலத்தில் அந்த ஏரி இன்றைய பஸ் நிலையம், குதிரைப் பந்தய மைதானம் வரைக்கும் பரந்திருந்தது. பெருமழையில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கினால் அது தன் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தோடர் மையம் செய்கிறவர்கள், உங்கள் சைட் பிளானில் முதலில் ஒரு சதுப்பை வரையுங்கள். அந்தப் புல் எவ்வளவு பரப்பில் வளர்ந்தால் ஒரு கூரைக்குப் போதும் என்று மந்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். கட்டிடம் அதற்கப்புறம் வரட்டும், சின்னதாகவே வரட்டும்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாடப்புத்தகங்கள் சமவெளிக்காரர்கள் எழுதியவை. நிழல் வேண்டும், குறுக்குக் காற்றோட்டம் வேண்டும், முற்றம் வேண்டும் என்று சொல்லும். செட்டிநாட்டு முற்றத்தை அப்படியே தூக்கிக்கொண்டு 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டிக்கு வந்தால் நடுவீட்டில் மழையும் உறைபனியும் குடியிருக்கும். இங்கே வெயிலை உள்ளே அழைக்க வேண்டும். நாம் இருப்பது சுமார் 11.4 டிகிரி வடக்கில். டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியாக அது தாராளமாக உள்ளே வரும். ஜூனில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடும், போதாக்குறைக்கு மேகமும் மூடிவிடும். பழைய பங்களாக்களில் தெற்கு வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டு அடைத்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டு அடுப்பின் சூட்டில் உங்கள் சுவருக்கும் பங்கு உண்டு. பள்ளமான இடத்தில் வீடு வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி அங்கேதான் இறங்கிப் படுக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் உறைபனி விழும் தலைக்குந்தாவில் ஜனவரி காலையில் போய் நின்றால் புரியும்.

மழையின் திசையும் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை ஆடி மாதத்தில் பக்கவாட்டில் அடிக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பயம். ஒரே கூரை நீட்டத்தை இரண்டு ஊருக்கும் போட்டால் ஒரு ஊரில் சுவர் பாசி பிடிக்கும். சொல்லப்போனால், மிலானில் 2014-இல் கட்டி முடித்த, மாடிக்கு மாடி மரம் வளர்க்கும் செங்குத்துக் காட்டுக் கோபுரங்களைப் பார்த்துப் பச்சைச் சுவர் வரைந்திருக்கும் நண்பர்களே, இந்த ஊரில் வடக்குச் சுவரைச் சும்மா விட்டாலே போதும், பச்சை தானாக வரும். அதைத் துடைக்கத்தான் இங்கே ஆள் தேடுகிறார்கள்.

அருவிமேல் வீடு கட்டியிருப்பவர்களுக்கும் ஒரு சேதி. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1930-களில் அருவிமேல் கட்டிய அந்த வீடு மகத்தானது, நானும் மயங்கியவன்தான். அது ஒழுகியது. துருத்தி நின்ற தளங்கள் தொங்க ஆரம்பித்து, 2002-இல் இரும்பு வடம் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். அந்தப் பாடத்தையும் சேர்த்து வரையுங்கள்.

முதுமலைக் காட்டை ஒட்டிய சீகூர்ப் பக்கம் ‘காட்டோடு கலந்த’ ரிசார்ட் வரைந்தவர்களிடம் ஒன்றே ஒன்று. அங்கே யானை வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மூங்கிலில் கட்டினாலும் வழி மறிப்புதான்.

எனக்குப் பிடித்த ப்ராஜெக்ட், மூலையில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னக் கூடம். வெளிநாட்டிலிருந்து வந்து புல்வெளிகளை விழுங்கிய சீகை (வாட்டில்) மரத்தை வெட்டி எடுத்து, அதே மரத்தில் கூரைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மரம் அகற்றிய இடத்தில் புல் திரும்பி வருகிறதா என்று பார்க்க ஒரு மேடை. ஷீட் சுமார்தான், எழுத்துப் பிழைகூட இருக்கிறது. ஆனால் கட்டி முடித்தால் மலைக்குக் கொஞ்சம் லாபம்.

(உரைக்குப் பிறகு இறுதியாண்டு மாணவி ஒருவர், “சார், கிளையன்ட் பள்ளத்தாக்கைப் பார்க்கணும், முழுச் சுவரும் கண்ணாடி வேணும்னு கேட்டா என்ன செய்யறது?” என்று கேட்டார்.)

கேட்கத்தான் செய்வார்கள். அவரை ஒரு டிசம்பர் ராத்திரி அப்படிப்பட்ட அறையில் உட்காரவைத்துப் பாருங்கள் என்று விளையாட்டாகச் சொல்லலாம். நிஜமாகச் செய்ய வேண்டியது, அவர் எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார் என்று கேட்பது. அந்த நாற்காலியின் கண் உயரத்துக்கு நீளமான ஜன்னல் போதும். இரட்டைக் கண்ணாடி போடுங்கள், ராத்திரி மூட உள்பக்கம் பலகைக் கதவு வையுங்கள். பெரிய கண்ணாடியில் வானம் தெரிவதை நம்பிப் பறவைகள் மோதிச் சாகின்றன, அதையும் அவரிடம் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் சைட்டைச் சுற்றி கல் வாய்க்கால் கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சைட்டை மே மாத லீவில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நவம்பரில் ஒரு தடவை குடையோடு போங்கள், தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் குச்சி நட்டுவிட்டு வாருங்கள்.