கூடத்தில் ஒரு கச்சேரி

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பாட்டான வர்ணம் தொடங்கி, அதன் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்கு வருவதற்குள் பாடகர் மைக் செட்காரரைப் பார்த்து விரலை மேலே தூக்குவார். அடுத்து வயலின்காரர் தூக்குவார். மிருதங்கக்காரர் தன் எதிரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைக் காட்டிச் சைகை செய்வார். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் காணாது. சில கச்சேரிகளில் மங்களம் வரைக்கும் இது ஓயாது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் மூன்று பேரும். ஆனாலும் ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ச் சபாவில் வரும் தை மாதத்திலிருந்து எட்டு வெள்ளிக்கிழமைகளுக்கு மைக் இல்லாத கச்சேரிகள் நடத்தப் போகிறோம். கல்யாண மண்டபத்தில் இல்லை, ஒரு பழைய வீட்டின் கூடத்தில். 70 பேர் உட்காரலாம். அறிவிப்பு அவ்வளவுதான். ஏன் இப்படி ஓர் ஏற்பாடு என்று பலர் கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்ததற்குக் காரணம் வீணை தனம்மாள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த மேதை. சென்னை ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ணா தெருவில் அவருடைய வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டிலேயே வீணை வாசிப்பார். வாசித்தபடியே மெல்லிய குரலில் பாடவும் செய்வார். கேட்க வந்தவர்களில் அந்தக் காலத்துப் பெரிய வித்வான்கள் உண்டு. வெளியே ஆயிரம் பேரைக் கட்டிப்போடுகிறவர்கள் அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சலசலப்பு இருந்தால் அம்மாளுக்குப் பிடிக்காது. நடனத்தில் பாலசரஸ்வதி, பாட்டில் பிருந்தாவும் முக்தாவும், புல்லாங்குழலில் விஸ்வநாதன், மிருதங்கத்தில் ரங்கநாதன் என்று அவருடைய பேரன் பேத்திகள் உலகத்துக்குக் கொடுத்ததற்கெல்லாம் ஊற்று அந்த வீடு. 1973-இல் பாலசரஸ்வதிக்கும் 1976-இல் பிருந்தாவுக்கும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது.

அத்தனை அமைதியை அம்மாள் ஏன் கேட்டார்? வீணையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து கவனித்தவர்களுக்கு அது புரியும். பாட்டுக்காரர் மூச்சு உள்ளவரை ஒரு ஸ்வரத்தை நிறுத்தலாம். வயலினில் வில் ஓடுகிறவரை நாதம் நிற்கும். வீணையில் மீட்டு விழுந்த அந்தக் கணத்தில்தான் நாதம் முழுசாக இருக்கிறது. அடுத்த நொடியிலிருந்து அது தேய ஆரம்பித்துவிடுகிறது. அந்தத் தேய்வுக்குள்ளேதான் இடது கை வேலை செய்ய வேண்டும். வீணையின் தண்டியில் வரிசையாகப் பதித்திருக்கும் மெட்டின் மேல் தந்தியை இழுத்து, ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டு, திரும்பவும் இறங்கி வர வேண்டும். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் எங்கே அசைந்து எங்கே நிற்கிறது, சஹானா ராகத்தில் ரிஷப ஸ்வரத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நாதத்தின் கடைசிப் பகுதியில்தான் தெரியும். அதைக் கேட்க மின்விசிறிச் சத்தம்கூட இருக்கக் கூடாது.

தனம்மாள் வெறும் நகத்தாலேயே மீட்டியவர். பெரிய அரங்கில் வீணையோடு மைக்கை ஒட்டி வைக்கும்போது, தேய வேண்டியதும் தூக்கி நிறுத்தப்படுகிறது. தந்தியில் விரல் உரசுகிற சத்தமும் கூடவே பெரிதாகிறது. கடைசி வரிசைவரை எல்லாருக்கும் கேட்கும், உண்மைதான். ஆனால் வீணை தன் குரலை விட்டு வேறொரு குரலில் பேசுகிறது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

பதங்கள் என்னும் காதல் பாட்டுகளுக்கும் இதே கதிதான். க்ஷேத்ரய்யாவின் பதங்களானாலும் சரி, கனம் கிருஷ்ணய்யரின் தமிழ்ப் பதங்களானாலும் சரி, விளம்பகாலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுப் பாட வேண்டியவை. பாடுகிறவர் முகம் தெரிய வேண்டும், மூச்சு எடுப்பது தெரிய வேண்டும். இன்றைய கச்சேரிகளில் பதத்துக்கு என்ன இடம் கொடுக்கிறோம்? மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் பேருந்தைப் பிடிக்க எழுந்த பிறகு, நேரமிருந்தால் ஒன்று. எங்கள் எட்டு வெள்ளிகளில் இரண்டு வெள்ளி முழுக்கப் பதமும், அதைவிடத் துள்ளலான காதல் பாட்டான ஜாவளியும்தான். மெயின் ராகம், பல்லவி எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம் பதம் கேட்டால் அலுத்துவிடாதா என்று சபாவிலேயே கேட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மைக் வந்ததால் கெட்டுப்போயிற்று என்று பேசுகிறவன் இல்லை நான். சென்னையில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு சபாக்கள் பெருகின, கூட்டம் பெருகியது, மைக் இல்லாமல் சமாளிப்பது பெரும்பாடாகிவிட்டது. நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினால்தான் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். அப்படிப்பட்ட குரல் இல்லாதவருக்கு எவ்வளவு ஞானம் இருந்தும் மேடை இல்லை. மைசூர் சௌடையா தன் வயலின் பெரிய கூட்டத்துக்கும் கேட்க வேண்டும் என்று நான்கு தந்தியை ஏழாக்கி வாசித்தார். மைக் வந்த பிறகு சுருதிக் கட்டை இறங்கியது, மென்மையான குரல்களுக்கு வாழ்வு வந்தது. மியூசிக் அகாடமியின் இன்றைய அரங்கம் 1962-இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் மைக் இல்லாமல் பாடச் சொல்வது நியாயமில்லை. இருந்தும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் இருந்தால் வாசிக்க மாட்டேன் என்று நின்றார். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் ஒரு விரல் மெதுவாக விழுவதற்கும் அழுத்தி விழுவதற்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு என்று அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அந்தப் படிகள் ஸ்பீக்கரில் வந்து சேரவில்லை என்றால் அவருக்குக் கோபம் வருவது இயல்புதான்.

ஐரோப்பாவிலும் சிறிய கூடத்துக்கென்றே ஒரு சங்கீதம் வளர்ந்தது. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று. எதிரில் நின்று கையசைத்து வழிநடத்துகிறவர் கிடையாது, நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வாசித்துக்கொள்வார்கள். ஹைடன் என்ற இசையமைப்பாளர் இந்த வகையில் அறுபதுக்கும் மேல் எழுதியிருக்கிறார். லண்டனில் விக்மோர் ஹால் என்று ஓர் அரங்கம். 1901-இல் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ கம்பெனி தன் கடைக்குப் பக்கத்தில் கட்டியது. சுமார் 550 இருக்கைகள்தான். இந்தச் சின்னக் குழு சங்கீதத்துக்கு உலகத்திலேயே மதிப்புள்ள இடங்களில் அது ஒன்று. நம் கச்சேரி மேடையில் இருக்கும் வயலினும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்.

இனி எங்கள் கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசியிலேயே தொடங்கலாம் என்று முதலில் ஒரு பேச்சு இருந்தது. ஓட்டுக்கூரையில் மழை விழுந்தால் தம்பூரா கேட்காது, அதனால் விட்டோம். மார்கழியில் வித்வான்கள் எல்லாரும் சென்னையில். தையும் மாசியும்தான் தோது. சாயங்காலத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியும். தரை வெறும் சிமெண்ட். கை தட்டிப் பார்த்தால் எதிரொலித்தது. ஜமக்காளம் விரித்து, பின் சுவரில் கனமான துணித் திரை கட்டியதும் அது அடங்கிவிட்டது. ஆட்கள் வந்து உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் அடங்கும். வித்வான்களுக்கு மேடை கிடையாது. ஒரு சாண் உயரத்தில் பலகை, அவ்வளவுதான். மூன்று பக்கமும் ரசிகர்கள். சுருதிப்பெட்டி வேண்டாம், தம்பூராவே மீட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு உள்ளூர்ப் பாட்டு மாணவிகள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாலு தந்தியையும் சரியாகச் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஒரே சீராக மீட்டுவது எளிய வேலை இல்லை. அவர்கள் பேரும் நிகழ்ச்சி அழைப்பில் வரும்.

பணக் கணக்கு கஷ்டமானதுதான். 70 பேரிடம் டிக்கெட் வசூலித்து நல்ல வித்வானுக்குத் தகுந்த சன்மானம் கொடுக்க முடியாது. மைக் செட் வாடகையும் மண்டப வாடகையும் மிச்சம். மீதியை ஊர்க்காரர்கள் சிலர் ஆளுக்கொரு வெள்ளிக்கிழமை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வித்வானுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சின்ன இடம் என்பதால் சின்னக் கச்சேரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு முன்னால் பாடுவதுதான் கடினம் என்று பாடுகிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வேகமாக உருளும் ஒரு பிருகா நழுவினால் மறைக்க அங்கே எதுவும் இல்லை.

தரையில் உட்கார முடியாதவர்களுக்குச் சுவரோரமாகப் பத்து நாற்காலிகள் போட்டிருக்கிறோம். அவை வயதானவர்களுக்கே. கைப்பேசியைத் திண்ணையில் இருக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும், சீட்டு கொடுப்பார். குழந்தைகளை அழைத்து வாருங்கள். அழுதால் பின்கட்டுக்குத் தூக்கிப் போக வழி இருக்கிறது. முதல் வெள்ளி வீணை. சரியாக ஆறு மணிக்கு முதல் மீட்டு விழும். தாமதமாக வருகிறவர்கள் அந்தப் பாட்டு முடிகிறவரை திண்ணையில் இருக்கலாம். அங்கே காபியும் இருக்கும். வணக்கம்.